விளையாட்டில் ஒற்றாடல்

விளையாட்டு சிறுவர்க்கே உரியது என்பார் பலர். யாம் அங்ஙனம் கருதுவதில்லை. ஒரு பலகையைச் சுற்றி நால்வர் அமர்ந்து ஒரு நாழிகை ஆடினால், அவரவர் குணமும் துணிவும், ஒருவர் சொல்லை ஒருவர் நம்பும் அளவும் தாமே வெளிப்பட்டுவிடும். ஆதலின் ஓர் ஆட்டத்திற்கு விதி வகுப்போன், அவ்வாட்டத்தில் கூடுவோர் ஒருவரோடொருவர் எங்ஙனம் பழகுவர் என்பதையும் உடன் வகுத்தவனாகின்றான்.

அறிவு என்னும் ஒன்றை மட்டும் கொண்டு நோக்கின், ஆட்டங்கள் மூவகைப்படும். பகடை உருட்டி ஆடுவதில் வரப்போவதை ஒருவரும் அறியார். சதுரங்கத்தில் பலகைமேல் உள்ளதனைத்தையும் இருவரும் அறிவர்; ஒளிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. சீட்டாட்டத்திலோ ஒவ்வொருவரும் தம் கையை மட்டும் அறிந்து, பிறர் கையை ஊகித்தே ஆடுவர். இம்மூன்றாம் வகை ஆட்டத்தில், பிறர் கையைக் கண்டறியும் உரிமையை ஒருவர்க்கு மட்டும் வழங்கினால் யாது நிகழும்? அவ்வுரிமையை எவ்வாறு அமைப்பின் ஆட்டம் சிறக்கும்? எவ்வாறு அமைப்பின் கெடும்? ஈண்டு யாம் ஆராயப் புகுவது இதுவே.

இதற்கு உரைகல்லாக அமெரிக்க நாட்டில் தோன்றிய காஸ்மிக் என்கவுண்டர் என்னும் பலகையாட்டத்தை எடுத்துக்கொள்வோம். பீட்டர் ஒலோட்கா, ஜாக் கிட்ரெட்ஜ், பில் எபர்லி, பில் நார்ட்டன் என்னும் நால்வர் அமைத்த இவ்வாட்டம் 1977-ஆம் ஆண்டில் ஈயான் நிறுவனத்தாரால் முதன்முதல் வெளியிடப்பட்டது. 2008-ஆம் ஆண்டில் ஃபேண்டஸி ஃபிளைட் நிறுவனத்தார் ஐம்பது வேற்றுலகத்தாருடன் அதனைப் புதுப்பித்து வெளியிட்டனர். ஆடுவோர் ஒவ்வொருவரும் வானுலகில் வாழும் ஓர் இனத்தாராவர். ஒவ்வோர் இனத்தார்க்கும் ஆட்டத்தின் பொதுவிதி ஒன்றை மீறும் தனியாற்றல் ஒன்று உண்டு. இவ்வாட்டத்தின் உயிர்நிலை அதுவே.

ஆட்டத்தின் போக்கைச் சுருங்கக் கூறுவோம். ஒவ்வொருவர்க்கும் 5 கோள்களும் 20 கலங்களும் உரியன. பிறர் கோள்களில் 5 குடியேற்றங்களை அமைத்தவர் வென்றவராவர். யாரைத் தாக்குவது என்பதை ஊழ்ச்சீட்டு உரைக்கும். தாக்குவோர் ஒன்று முதல் நான்கு கலங்களைச் செலுத்துவர். பின்னர் இருதிறத்தாரும் துணைவரை அழைப்பர். துணை சேர்ந்தபின் இருவரும் ஒவ்வொரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒருங்கே திறப்பர். தாக்குச் சீட்டாயின் அதன் எண்ணோடு தத்தம் பக்கத்துக் கலங்களையும் கூட்டுவர். மிகுந்த தொகையுடையார் வெல்வர். தொகை ஒத்திருப்பின் காப்போர்க்கே வெற்றி. ஒருவர் தாக்குச் சீட்டும் மற்றவர் உடன்படிக்கைச் சீட்டும் இட்டால், உடன்படிக்கை வைத்தவர் தோற்பார். ஆயினும் இழந்த கலங்களுக்கு ஈடாக வென்றவர் கையிலிருந்து சீட்டுகளைப் பெறுவார். இழந்த கலங்கள் வார்ப் என்னும் குழியிற் சென்று தங்கும். ஒருவர் மட்டுமன்றி இருவர் மூவர் கூடியும் வெற்றி பெறலாம் என்பது இவ்வாட்டத்தின் தனிச்சிறப்பு.

இவ்வாட்டத்தில் அறிவையே ஆற்றலாகக் கொண்ட இனத்தார் முன்னரே உளர். அவருள் ஓரக்கிள் என்பார் குறிசொல்வோர் போல்வர். அவரோடு மோதுவோர் தம் சீட்டை முதலில் திறந்து வைத்தல் வேண்டும். அதனைக் கண்டபின்னரே ஓரக்கிள் தம் சீட்டைத் தெரிந்தெடுப்பார். மைண்ட் என்னும் மற்றோர் இனத்தார்க்கோ பிறர் கைச்சீட்டுகளையே நோக்கும் ஆற்றல் உண்டு.

கேட்ட அளவில், ஓரக்கிளை வெல்வார் யார் என்று தோன்றும். ஆடிப் பார்த்தோர் அறிவர், அஃது அத்துணை எளிதன்று. எதிரி 40 என்னும் சீட்டைத் திறந்து வைத்தால், கையில் 12-க்கு மேற்பட்ட சீட்டில்லாத ஓரக்கிள் என் செய்வார்? வெள்ளம் வருவதை அறிந்தமையால் மட்டும் தோணி கிடைத்துவிடாது. எதிரி உடன்படிக்கைச் சீட்டைத் திறந்து வைப்பின், ஓரக்கிள் தாக்கி வெல்லலாம். ஆனால் ஈடாகத் தம் கையிலுள்ள நல்ல சீட்டுகளை இழக்க நேரும். மேலும், அவர் எதிரியின் சீட்டைக் காணும்பொழுது துணை சேரும் நேரம் கடந்துவிட்டது. கண்டதைச் சொல்லித் துணைவரை ஈர்க்க அவர்க்கு வழியில்லை. அவர் அறிவு ஊமையன் கண்ட கனாப் போன்றது.

ஓரக்கிளின் குறை அறிவின் சிறுமையால் வந்ததென எண்ணி, அறிவைப் பெருக்கினால் குறை தீரும் என்பார் உளராயின், அவர்க்கு யாம் கூறும் விடை இது. எல்லார் கையையும் எப்பொழுதும் எவ்விலையும் இன்றி நோக்கும் இனத்தார் ஒருவரைப் படைத்துப் பாருங்கள். மூவகைக் கேடு விளையும். காணப்படுவோர் கையில் வலியில்லாதபோது வலியுடையார் போல் நடிக்கும் இன்பத்தை இழப்பர். காண்போர் துணிவுக்கும் ஊகத்திற்கும் வேலையின்றி வெறுங்கணக்கராவர். ஏனையோரோ, அவர் ஒவ்வொரு கையாக ஆராய்ந்து முடிக்கும்வரை கொட்டாவி விட்டுக் காத்திருப்பர். ஒருவர் கண் திறந்தமையால் மூவர் வாயும் மூடிய ஆட்டமாகும் அது.

ஆகவே பெருக்க வேண்டுவது அறிவின் அளவன்று. அறிந்தவர் பிறரை நாடிச் சென்று பேசவேண்டிய தேவையே பெருகவேண்டும். இதுவே எம் கருத்து. அறிவாற்றல் எனப்படுவது விலை கொடுத்துப் பெறுவதாய், முழுமையற்றதாய், வாய்விட்டுச் சொல்லி நம்பிக்கை பெற்றாலன்றிப் பயன்படாததாய் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் உலகியலுக்கு ஒத்தனவே என்பதைச் சில சான்றுகளால் காட்டுவோம்.

முதலாவது விலை. ஸ்ட்ராடிகோ என்னும் ஆட்டத்தில் இருவரும் 40 காய்களை, எதிரிக்குப் பின்புறம் மட்டும் தோன்ற நிறுத்துவர். எதிரிக் காயின் பதவியை அறிய வேண்டின், நம் காயை அதனோடு மோதவிடுதல் வேண்டும். மோதியதும் இரண்டின் பதவியும் வெளிப்படும். அறியப் புகுந்தவன் தானும் அறியப்படுகின்றான். இவ்வொரு விதியால் அவ்வாட்டத்தின் ஒவ்வொரு வினாவும் கனமுடையதாகின்றது.

இரண்டாவது முழுமையின்மை. 1942-ஆம் ஆண்டில் ஜப்பானியக் கடற்படையின் மறைமொழியை அமெரிக்கர் ஒருபகுதியே படிக்க வல்லவராயினர். பெருந்தாக்குதல் ஒன்று வரப்போகின்றது என்றும், அதன் இலக்கு ஏஎஃப் என்னும் குறியால் வழங்கப்படுகின்றது என்றும் கண்டனர். அவ்விடம் மிட்வே தீவே என ஹவாயிலிருந்த ஆராய்ச்சியாளர் ஊகித்தனர், மற்றோர் ஐயுற்றனர். அதன்மேல், மிட்வேயில் நன்னீருக்குத் தட்டுப்பாடு நேர்ந்துள்ளது என்னும் பொய்ச்செய்தியை மறைக்காமலே அனுப்பச் செய்தனர். சின்னாட்களில் ஏஎஃப்-இல் நன்னீர் குறைந்துள்ளது என்று ஜப்பானியர் தம்முள் செய்தி அனுப்பினர். ஐயம் நீங்கிற்று, ஜூன் மாதப் போரில் அமெரிக்கர் வென்றனர். பாதியறிவை முழுதாக்க அவர் செய்த சூழ்ச்சியே அவ்வரலாற்றின் சுவை. எல்லாம் முன்னரே தெரிந்திருப்பின் சூழ்ச்சிக்கு இடமேது?

மூன்றாவது சொல்லும் நம்பிக்கையும். 1917-ஆம் ஆண்டு ஜனவரியில், ஜெர்மானிய வெளிநாட்டு அமைச்சர் ஜிம்மர்மன் மெக்ஸிக்கோ நாட்டை அமெரிக்காவுக்கு எதிராகத் துணைக்கழைக்கும் தந்தியொன்றை அனுப்பினார். ஆங்கிலேயர் அதனை இடைமறித்துப் படித்தனர். படித்தும் உடனே வெளியிட இயலவில்லை. வெளியிடின், மறைமொழியைத் தாம் படிப்பதும், பிறர் தந்திகளை ஒற்றறிவதும் வெளிப்பட்டுவிடும். ஆதலின் மெக்ஸிக்கோ நகரிலிருந்து அத்தந்தியின் மற்றொரு படியைப் பெற்று, அதனை முன்னிறுத்தியே அமெரிக்கருக்கு அறிவித்தனர். மார்ச்சு முதல் நாள் செய்தித்தாள்களில் அது வெளிவந்தபோது, போலி என்று மறுத்தோரும் பலர் இருந்தனர். ஜிம்மர்மன் தாமே அஃது உண்மை என ஒப்புக்கொண்ட பின்னரே ஐயம் அடங்கிற்று. ஏப்ரல் 6-ஆம் நாள் அமெரிக்கா போரில் இறங்கியது. அறிந்ததைப் பயன்படுத்த எண்ணின் சொல்லவேண்டும். சொல்லின் அறிந்த வழி வெளிப்படும். வெளிப்பட்டும் பிறர் நம்பாதொழியலாம். அறிந்தவன் அனுபவிக்கும் இத்துன்பமே ஆட்டத்திற்கு அமுதம்.

தமிழ் பயிலும் எமக்கு இவ்விடத்துத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் நினைவிற்கு வருதல் இயல்பே. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்தல் வேண்டும் என்றும், ஒற்றர் ஒருவரையொருவர் அறியாவண்ணம் ஆளப்பட்டு மூவர் சொல் ஒத்தவழியே தெளிதல் வேண்டும் என்றும் வள்ளுவர் விதிக்கின்றார். ஒற்றன் சொல்லை அவ்வளவில் உண்மையெனக் கொள்ளலாகாது என்பதே அவர் கருத்து. ஆட்டத்திற்கு விதி வகுப்போர்க்கு இதனினும் சிறந்த துணை வேண்டுமோ?

இவற்றைக் கொண்டு, ஒற்றன் என்னும் புதிய இனத்தார் ஒருவரை யாம் அமைத்துக் காட்டுகின்றோம். அவர்க்குரிய விதிகள் வருமாறு.

மோதல் ஒவ்வொன்றிலும் தாக்குவோரும் காப்போரும் இன்னார் எனத் துணிந்தபின், துணைவரை அழைக்குமுன், ஒற்றன் தம் குடியேற்றம் ஒன்றிலிருந்து ஒரு கலத்தை எடுத்து, அவ்விருவருள் ஒருவரது நாட்டின் அருகே ஒற்றுக்கலமாக நிறுத்தலாம். அக்கலம் போரில் எண்ணப்படாது. அங்ஙனம் நிறுத்தியவர், அந்நாட்டார் கையிலிருந்து மூன்று சீட்டுகளை முகம் நோக்காது உருவித் தாம் மட்டும் பார்ப்பார். பின்னர் அவற்றைக் கவிழ்த்து வைத்து, அம்மூன்றையும் பற்றி ஒரு வாக்கியம் எல்லாரும் கேட்கச் சொல்லுதல் வேண்டும். அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். சீட்டைப் பிறர்க்குக் காட்டுதல் மட்டும் கூடாது. ஏனையோருள் எவரேனும் விரும்பின், தம் கலம் ஒன்றை வார்ப்புக்கு அனுப்பி, அம்மூன்று சீட்டுகளைத் தாமும் பார்த்துத் தம் வாக்கியம் ஒன்றைச் சொல்லலாம். சீட்டுக்குரியவர், ஒற்றன் சொன்னது பொய்யெனக் காட்ட விரும்பின், அதற்கு வேண்டிய சீட்டுகளை எல்லாரும் காணத் திறக்கலாம். பொய் என்று தெளிவாயின் ஒற்றுக்கலம் வார்ப்புக்குச் செல்லும். அங்ஙனம் தெளிவாகாவிடின், மோதல் முடிந்தபின் அது தன் குடியேற்றத்திற்கு மீளும். துணை சேர்ந்து முடிந்ததும் அம்மூன்று சீட்டுகளும் கையிற் சேர்ந்து ஏனையவற்றோடு கலந்துவிடும்.

இவ்விதிகள் எங்ஙனம் இயங்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். செங்கலத்தார் நீலக்கலத்தாரைத் தாக்குகின்றனர் என்க. இருவரும் நான்கு நான்கு கலங்களை உடையர். ஒற்றன் நீலர் கையிலிருந்து மூன்று சீட்டுகளை உருவிப் பார்க்க, அவை 8, 6, ஓர் உடன்படிக்கை என இருக்கின்றன. செங்கலத்தார் 12 இடக்கூடும். அங்ஙனமாயின் அவர் தொகை 16; நீலர் 8 இட்டால் அவர் தொகை 12. பச்சைக்கலத்தார் நான்கு கலங்களோடு நீலரைச் சேரின் அவர் தொகையும் 16 ஆகும்; ஒத்த தொகையாதலின் காக்கும் நீலரே வெல்வர். எனவே பச்சையார் எப்பக்கம் சாய்வர் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கின்றது.

இப்பொழுது ஒற்றன் வாய் திறக்கவேண்டும். “இம்மூன்றில் எட்டுக்கு மேற்பட்ட எண் இல்லை” என்று மெய் கூறின், பச்சையார் நீலரைக் கைவிடுவர். “இவற்றுள் இருபது உண்டு” என்று பொய் கூறின், அவர் நீலரை நாடிவருவர். அப்பொய்யை நீலர் மறுப்பாரோ? மறுக்கமாட்டார், அது தமக்கு நலம் பயப்பதன்றோ! தமக்குத் தீங்கான பொய்யையே சீட்டுக்குரியவர் மறுப்பர். தமக்கு நலமான பொய்யைப் போற்றிக் காப்பர். இக்காரணத்தாலேயே இரண்டாம் ஒற்றுக்கு இடம் வைத்தோம். ஐயுற்ற பச்சையார் ஒரு கலத்தை இழந்து தாமே நோக்கலாம். நோக்கியவர் கூறுவதும் மெய்யாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. இனி, ஆட்டத் தொடக்கத்தில் ஒருவர் கையில் 8 சீட்டுகள் உள்ளன. மூன்று போக ஐந்து ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவ்வைந்தனுள் 40 இருப்பின், மெய் சொன்ன ஒற்றனும் அவனை நம்பினோரும் ஒருங்கே ஏமாறுவர்.

இவ்வமைப்பை மறுத்துக் கூறப்படுவன இரண்டு. அவற்றுள் முதலாவது, பொய் கூறுதற்கு விதியே இடந்தரலாமோ என்பது. நல்லொழுக்கம் பேணும் கல்லூரியில் பயிலும் எமக்கு இவ்வினா சிறிதன்று. ஒற்றன் மெய்யே சொல்லவேண்டும் என்று விதித்துவிட்டால் என்ன? அங்ஙனம் விதிப்பின், அவன் சொல்லை நம்புவது விதியை நம்புவதாகுமேயன்றி அவனை நம்புவதாகாது. பொய் கூற வழியிருந்தும் மெய் கூறுபவனையே மெய்யன் என்கின்றோம். ஒருமுறை பொய்த்தவன் வாக்கு அடுத்த மோதலில் எத்துணை மதிப்புப் பெறும் என்பதை விதி சொல்லவேண்டுவதில்லை. பலகையைச் சுற்றி அமர்ந்தோரின் நினைவே சொல்லிவிடும். ஆட்டத்தில் புனையும் பொய் எல்லாரும் உடன்பட்டு ஏற்ற வேடமாதலின், அது வாழ்க்கைப் பொய்யோடு ஒத்ததன்று. நாடகத்தில் கள்வனாக நடித்தவனைக் காவலர் பிடிப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு, மூன்று சீட்டுகளை மட்டும் காண்பது மிகவும் எளிய ஆற்றல் என்பது. எண்ணிப் பார்ப்பின் அது தவறாதல் விளங்கும். ஒற்றன் தான் பொருதும் மோதலில் மட்டுமன்றி, பிறர் பொருதும் மோதல் ஒவ்வொன்றிலும் பேசும் உரிமை பெற்றுள்ளான். ஏனையோர் அவன் சொல்லுக்குச் செவி சாய்த்தே ஆகவேண்டும். பலர் கூடி வெற்றி பெறக்கூடிய ஆட்டத்தில், வேண்டியபொழுது வேண்டியவர்க்குத் துணை சேர்த்துக் கொடுப்பவனை எளியன் என்பார் யார்? அவன் வலிமை அவன் கண்ணில் இல்லை. அவன் சொல்லைப் பிறர் ஏற்பதிலேயே இருக்கின்றது. அந்த வலிமையை அவன் ஒருவனாக ஆக்கிக்கொள்ளவும் இயலாது.

இதனை வெறும் பொழுதுபோக்காராய்ச்சி என எவரும் தள்ளிவிடலாகாது. நாம் எங்குச் செல்கின்றோம், எதை வாங்குகின்றோம், எதை நெடுநேரம் நோக்குகின்றோம் என்பனவற்றையெல்லாம் நம் கைப்பேசி வாயிலாகத் திரட்டும் நிறுவனங்கள் பல இயங்கும் காலம் இது. அவர் நம் சீட்டுகளைக் காண்கின்றனர். கண்டதை நம் முன்னர்ச் சொல்லுவதில்லை. ஒற்றுக்கலம் எதையும் நம்மிடம் பணயமாக வைப்பதுமில்லை. அவர் முடிவு தவறாயின் மறுத்துக் காட்ட நமக்கு எளிய வழியும் இல்லை. பிறர் கையைக் காணும் உரிமைக்கு எத்தகைய கட்டு வேண்டும் என்று ஒரு சிறு பலகையின்மேல் ஆடிப் பழகியவர், அக்கட்டில்லாத இடத்தை நாட்டிலும் எளிதில் அடையாளம் காண்பர் என்பது எம் துணிபு.

ஆதலின், புதிய ஆட்டங்கள் அமைக்க முற்படும் தோழர்க்கு யாம் கூறுவது ஒன்றுண்டு. ஒருவனுக்குப் பிறரைக் காணும் ஆற்றலை வழங்குவீராயின், அதற்கு ஈடாக அவன் ஒன்றைப் பணயம் வைக்கச் செய்யுங்கள். காணாத பகுதியொன்றை அவனுக்கும் விட்டுவையுங்கள். கண்டதை மன்றத்தில் சொல்லச் செய்யுங்கள். காணப்பட்டவனுக்கு மறுக்கும் வழியொன்று வையுங்கள். விடுமுறை நாளில் விடுதிகளில் கூடும் மாணவர் இவ்வொற்றனைப் பலகைமேல் ஏற்றி ஆடிப் பார்ப்பாராக. மூன்று சீட்டு மிகை என்று தோன்றின் இரண்டாக்குக. குறை என்று தோன்றின் நான்காக்குக. அவன் வாய் திறந்து ஒரு வாக்கியம் சொல்லவேண்டும் என்னும் விதியை மட்டும் எக்காரணம் பற்றியும் நீக்காதொழிக.